ஆர்.சி. புக்கில் ஒரு ஜீப், அடியில் நாலு ஜீப்

தேனி ரோட்டில் ஸ்பீடாமீட்டர் முள் 45-ஐத் தொட்டால் போதும். ஏதாவது ஒரு சின்னப் பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கி ஏறும், உடனே ஸ்டீயரிங் இரண்டு பக்கமும் வெட்ட ஆரம்பிக்கும். பானெட் ஆடும், ஹெட்லைட் ஆடும், பக்கத்தில் இருப்பவர் கைப்பிடியைத் தேடுவார். பிரேக்கைத் தொட்டு 20-க்குக் கீழே கொண்டுவந்தால்தான் அடங்கும். எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் 'வண்டி சாமியாடுது'. இரண்டு வருடம் இப்படியே ஆடிக்கொண்டு போய் வந்தோம்.

வண்டி மஹிந்திரா சி.ஜே. 3பி, பெட்ரோல். ஆர்.சி. புக்கில் 1969 என்று இருக்கிறது. அப்பா 1981-ல் ஒரு ஏலக்காய் எஸ்டேட்காரரிடம் வாங்கினார். போடியில் அன்றைக்கு ஜீப் என்பது ஆடம்பரம் இல்லை; மலைக்கு ஆள் ஏற்றவும் காய் மூட்டை இறக்கவும் அதைவிட்டால் கழுதைதான். இன்றும் விடிகாலையில் கம்பம், தேவாரம், போடிப் பக்கமிருந்து இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் வரிசையாக மலையேறுவதைப் பார்க்கலாம். ஆனால் அவையெல்லாம் டீசல், எங்களுடையதைவிட இருபது முப்பது வயது இளையவை. ஆக, ஊரில் ஜீப் மெக்கானிக்குக் குறைவில்லை. எங்கள் ஜீப்புக்கு உதிரிதான் இல்லை.

3பி-யைத் தெரியாதவர்களுக்கு ஒரு அடையாளம்: மூக்கு மட்டும் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். மஹிந்திரா 1947-ல் அமெரிக்க வில்லிஸ் கம்பெனியின் ஜீப்புகளைப் பிரித்த நிலையில் இறக்கி பம்பாயில் கூட்ட ஆரம்பித்தது. அப்புறம் உரிமம் வாங்கி இங்கேயே செய்தது. அமெரிக்காவில் 3பி 1953-ல் வந்து 1968-ல் நின்றுவிட்டது, இங்கே அதற்குப் பிறகும் தயாரானது. பழைய வில்லிஸ் எஞ்சினில் வால்வு எல்லாம் பிளாக்கிலேயே இருக்கும். இதில் எக்சாஸ்ட் வால்வு கீழே பிளாக்கில், இன்லெட் வால்வு மேலே ஹெட்டில். எஞ்சின் உயரமாகிவிட்டது, அதற்காக பானெட்டையும் உயர்த்திவிட்டார்கள். அழகுக்காகச் செய்ததில்லை.

சாமியாட்டத்துக்கு நான் முதலில் செய்ததெல்லாம் வீண். டயர் மாற்றினேன், வீல் பேலன்சிங் செய்தேன், டை ராடு எண்டு நாலும் புதிதாகப் போட்டேன். ஸ்டீயரிங் டேம்பர் ஒன்று வைத்துவிடுங்கள், சரியாகிவிடும் என்று ஒருவர் சொன்னார். நல்லவேளை, கையில் காசு இல்லை. டேம்பர் போட்டிருந்தால் ஆட்டம் மறைந்திருக்கும், தேய்மானம் உள்ளே வளர்ந்துகொண்டே போயிருக்கும்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணன்தான் ஐந்து நிமிடத்தில் இடத்தைப் பிடித்தார். முன்பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினார். டொக் டொக். "தம்பி, உள்ள ஏறி பிரேக்க நல்லா மிதிப்பா" என்றார். மிதித்தேன். மறுபடி ஆட்டினார், மறுபடி டொக் டொக். "வீல் பேரிங்கா இருந்தா பிரேக் மிதிச்சதும் ஆட்டம் நின்னுரும். நிக்கல. கிங் பின்தான் போயிருக்கு." யோசித்தால் எளிது. நக்கிள் என்பது சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பாகம், அது ஆக்சிலில் திரும்பும் அச்சுதான் கிங் பின். பிரேக் பிடித்தால் டிரம்மும் நக்கிளும் ஒரே கட்டி. அதற்கப்புறமும் ஆடுகிறதென்றால் நக்கிளே ஆக்சிலில் ஆடுகிறது என்று அர்த்தம். இந்தச் சோதனைக்குச் செலவு ஒன்றுமில்லை. டயர் வாங்கும் முன்னால் தெரிந்திருக்க வேண்டும்.

இடது சக்கரத்தைக் கழற்றும்போதே முதல் சேதம். நட்டு இளகவே இல்லை. ஸ்பேனரில் ஒரு குழாயைச் செருகி ஏறி நின்றேன். பட்டென்று ஸ்டட்டு முறிந்தது. அண்ணன் வந்து பார்த்துவிட்டு, ஸ்டட்டின் நுனியில் இருந்த மண்ணை நகத்தால் சுரண்டிக் காட்டினார். அதில் 'எல்' எழுத்து. "இது லெஃப்ட் த்ரெட்டுப்பா. நீ இம்புட்டு நேரம் டைட்டு பண்ணிக்கிட்டு இருந்திருக்க." அந்தக் காலத்து வில்லிஸ் வழக்கம் அது: வண்டி முன்னால் போகும்போது சக்கரம் சுற்றும் போக்கில் நட்டு இளகிவிடக் கூடாது என்று இடப்பக்கம் மட்டும் எதிர் மரை. அப்பாவுக்கு இது தெரியும். நாற்பது வருடமாகத் தெரியும். "நீ கேக்கலையே" என்றார்.

சக்கரம், ஹப், டிரம், பேக் பிளேட் எல்லாம் கழன்ற பின்னால் வருவதுதான் இந்த ஆக்சிலின் விசேஷம். ஆக்சிலை மூடிய ஹவுசிங்கின் நுனியில் ஒரு பெரிய இரும்புப் பந்து. அதைக் கவிழ்த்து மூடியதுபோல நக்கிள். பந்துக்கும் நக்கிளுக்கும் நடுவே ஒரு ரப்பர் சீல், அதன்மேல் ஒரு ஃபெல்ட். பந்துக்குள்ளே ஆக்சில் ஜாயின்ட் கிரீசில் மூழ்கியிருக்க வேண்டும். எங்கள் பந்துக்குள் இருந்தது பால்காப்பி நிறத்தில் ஒரு குழம்பு. ஆற்றில் இறக்கி ஏற்றிய தண்ணீரும் பழைய கிரீசும் சேர்ந்து நொதித்தது. நக்கிளின் மேலே ஒரு மூடி, கீழே ஒரு மூடி, இரண்டிலும் ஒவ்வொரு சின்ன டேப்பர் பேரிங், அதாவது ரோலர்கள் சாய்வாக நிற்கும் பேரிங். சக்கரத்தின் திருப்பம் முழுக்க இந்த இரண்டின் மேல்தான். கீழ் பேரிங்கின் வெளி வளையமான கப்பைத் துடைத்துப் பார்த்தால், ஈரக் களிமண்ணில் நகத்தை வரிசையாகப் பதித்ததுபோலப் பள்ளங்கள். இந்த பேரிங் எப்போதும் முழுச் சுற்றுச் சுற்றுவதில்லை. கொஞ்சம் இடது, கொஞ்சம் வலது, அவ்வளவுதான். ரோலர்கள் ஐம்பது வருடமும் ஒரே இடத்தில் நின்று அடித்திருக்கின்றன.

தேனியில் நாலு கடை ஏறி இறங்கினேன். "பழைய பெட்ரோல் ஜீப்புக்கு கிங் பின் பேரிங்" என்று கேட்டேன். முதல் கடையில் சிரித்தார்கள். இரண்டாவது கடையில் "அது இப்ப வராதுங்க". மூன்றாவது கடையில் மலையேறும் டீசல் ஜீப்பின் பால் ஜாயின்டை எடுத்து நீட்டினார்கள். நாலாவது கடைக்காரர் மட்டும் பழைய பேரிங்கைக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுபோகவில்லை, வீட்டில் டீசல் டப்பாவில் ஊறிக்கொண்டிருந்தது.

அன்று இரவு அதை எடுத்துக் கழுவி நம்பரைப் படிக்க முயன்றேன். எழுத்து மங்கல். பூஜை அலமாரியிலிருந்து கொஞ்சம் திருநீறு எடுத்துத் தேய்த்துத் துடைத்தேன். பள்ளத்தில் வெள்ளை நின்றது, நம்பர் துலங்கியது. உள் வளையமான கோனில் 11590, கப்பில் 11520. ஹப் பேரிங்கிலும் அதே வைத்தியம்: 18590, 18520. அம்மா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் அந்தத் திருநீற்று மரவை இடம் மாறியிருந்தது.

மதுரையில் பேரிங் மட்டுமே விற்கும் கடை. வழக்கம்போல 1969 மாடல், பெட்ரோல், முன் ஆக்சில் என்று ஆரம்பித்தேன். கடைக்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். "வண்டிக் கதையெல்லாம் வேணாங்க, நம்பரச் சொல்லுங்க." சொன்னேன். ஏணியில் ஏறினார், இரண்டு நிமிடத்தில் எட்டு செட்டு மேசைமேல். தேனியில் 'வராத' பேரிங். அவருக்கு அது ஜீப்பின் பேரிங் இல்லை. வெறும் ஒரு அளவு. உள்விட்டம் 5/8 அங்குலம், வெளிவிட்டம் 1 11/16 அங்குலம். ஹப் பேரிங் 1 5/8, 2 7/8. இந்த அளவுள்ள டேப்பர் பேரிங் உலகத்தில் வேறு எத்தனையோ இயந்திரங்களில் ஓடுகிறது, ஆகவே இன்னும் செய்கிறார்கள். வண்டியின் பெயரைச் சொல்லித் தேடினால் செத்துப்போன பொருள், நம்பரைச் சொன்னால் உயிரோடிருக்கும் பொருள். அன்றிலிருந்து நான் எந்தக் கடையிலும் ஜீப் என்ற வார்த்தையை முதலில் சொல்வதில்லை.

ஆயில் சீலுக்கும் இதே வழி. ஷாஃப்ட் விட்டம், சீல் உட்காரும் குழியின் விட்டம், தடிமன் என்று மூன்று அளவை வெர்னியரில் எடுத்துக்கொண்டு போனால் சீல் கடைக்காரர் தேடி எடுத்துவிடுவார். ஃபெல்ட் எங்கும் கிடைக்கவில்லை; ஹார்டுவேர் கடையில் ஃபெல்ட் ஷீட் வாங்கிப் பழையதை வைத்து வெட்டி, ஆயிலில் ஒரு ராத்திரி ஊறவைத்துப் போட்டேன். ஒன்று சொல்ல வேண்டும். புதுக் கோனைப் பழைய கப்பில் போட்டுவிடாதீர்கள். கப்பைத் தட்டி எடுப்பது சள்ளை பிடித்த வேலைதான், அதற்காக விட்டால் ஆறு மாதத்தில் மறுபடி சாமியாடும்.

பூட்டும்போது ஷிம்தான் உயிர். மூடிக்கு அடியில் மெல்லிய தகடுகளை வைத்துத்தான் பேரிங் இறுக்கத்தைச் சரி செய்கிறோம். பழைய ஷிம் எல்லாம் கிழிந்திருந்தது. குளிர்பான அலுமினிய டப்பாவை வெட்டி மைக்ரோமீட்டரில் பிடித்தால் 4 தௌ காட்டியது. தௌ என்பது லேத் பட்டறைக் கணக்கு, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று. அளவு அருமையாக இருக்கிறதே என்று குதித்தேன். அண்ணன் வாங்கி விரலால் மடித்துக் காட்டினார். "இது அலுமினியம். நாலு மேடு ஏறுனா நசுங்கிரும். பித்தளைத் தகடு வாங்கிட்டு வா." வாங்கி வந்து கத்திரியால் வெட்டினோம். சீல் போடாமல் நக்கிளை மட்டும் பூட்டி, ஸ்டீயரிங் ஆர்ம் நுனியில் காய் மூட்டை நிறுக்கும் கொக்கித் தராசை மாட்டி இழுத்துப் பார்த்தோம். இரண்டு கிலோவுக்குச் சற்று மேலே நக்கிள் பிசுபிசுப்பில்லாமல் ஒரே சீராக நகர வேண்டும் என்பது அண்ணன் கணக்கு. மூன்று முறை கழற்றிப் பூட்டிய பிறகுதான் இரண்டு பக்கமும் ஒத்துவந்தது. ஹப் நட்டுக்கு அவர் சொன்னது இன்னும் எளிது: சக்கரம் இறுகும்வரை முறுக்கு, அப்புறம் ஆறு பட்டையில் ஒரு பட்டை பின்னால் விடு, லாக் பண்ணு.

தேனி ரோடு. 45. பள்ளம். ஸ்டீயரிங்கில் ஒரு விரல். ஒன்றுமில்லை.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். சந்தோஷத்தில் குரங்கணிப் பக்கம் போய், ஃபோர் வீல் போட்டுப் பார்த்தேன். இறுகிய மண் ரோடு. பத்து மீட்டர் போவதற்குள் வண்டியை யாரோ பின்னாலிருந்து கயிறு கட்டி இழுப்பதுபோல ஆனது. டயர் கீச்சிட்டது, லீவரைத் திரும்ப எடுக்க முடியவில்லை. பின்னால் தள்ளிவிட்ட பிறகுதான் விடுபட்டது. இந்த வண்டிகளில் முன், பின் ஆக்சில்களை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் நடு டிஃபரன்ஷியல் கிடையாது, தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டால் திருப்பத்தில் இறுகும் என்பது தெரியும். இது நேர் ரோடு. அப்பாவிடம் சொன்னேன். "அது முரண்டு பிடிக்கத்தான் செய்யும். சகதியில மட்டும் போடணும்" என்றார். நாற்பது வருடமாக அவர் அப்படித்தான் ஓட்டியிருக்கிறார்.

எனக்கு மனது ஆறவில்லை. மறுநாள் பின்பக்கம் ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கினேன். மற்ற சக்கரங்களுக்கு முட்டுக்கல், கியர் நியூட்ரல், ஹேண்ட்பிரேக் விடுவித்து. இதில் ஹேண்ட்பிரேக் சக்கரத்தில் இல்லை, ஆக்சிலைச் சுற்றவைக்கும் புரொபெல்லர் ஷாஃப்டில் இருக்கிறது. அதை விடாமல் ஷாஃப்ட் சுற்றாது. ஷாஃப்டில் சாக்பீஸ் கோடு ஒன்று, டயரில் ஒன்று. தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றினால் ஷாஃப்ட் எத்தனை சுற்றுச் சுற்றுகிறதோ அதுதான் கிரவுன் பினியன் விகிதம். பினியன் என்பது ஷாஃப்டோடு சுற்றும் சின்னப் பல்சக்கரம், கிரவுன் என்பது ஆக்சிலுக்குள் அது சுற்றும் பெரிய பல்சக்கரம். ஒரு சக்கரம் தரையில் நிற்பதால் இரண்டு சுற்று. முன் ஆக்சிலில் ஐந்தேகாலும் அரைக்காலும் வந்தது. 5.375, அதாவது கிரவுனில் 43 பல், பினியனில் 8. புத்தகங்கள் 5.38 என்று சொல்லும் அசல் விகிதம். பின் ஆக்சிலில் ஐந்து சுற்று முடிய அரைக்கால் பாக்கி இருக்கும்போதே கோடுகள் சேர்ந்துவிட்டன. நம்பாமல் நாலு தடவை சுற்றினேன். 4.875. அது 39-க்கு 8.

முன்சக்கரம் பத்துச் சுற்றுச் சுற்றும் நேரத்தில் பின்சக்கரம் பதினொன்று சுற்றப் பார்க்கிறது. சகதியில் டயர் வழுக்கி அந்தக் கணக்கைத் தீர்த்துவிடும். இறுகிய மண்ணில் எங்கே தீர்ப்பது? கியரும் ஷாஃப்டும்தான் முறுக்கை வாங்கிக்கொள்ளும்.

அப்பா ரொம்ப நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: 1987-ல் போடிமெட்டுக்கு மேலே பின் ஹவுசிங் உடைந்ததாம். கம்பத்தில் ஒரு மெக்கானிக் 'கெடச்சத' மாட்டிக் கொடுத்தாராம். அதற்கப்புறம் படுத்துக்கொண்டு அடியில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். டைனமோ இருந்த இடத்தில் மாருதி 800-ன் ஆல்டர்னேட்டர். வைப்பர் மோட்டார் அம்பாசிடர். பின் ஹவுசிங் வேறு ஒரு ஜீப். ஆர்.சி. புக்கில் இருக்கும் 1969-ம் வருடத்து வண்டி என்பது ஒரு பெயர்தான். அன்றைக்கே ஒரு நாற்பது பக்க நோட்டுப் போட்டேன். ஒவ்வொரு பாகத்துக்கும் எண், அளவு, பல்லின் கணக்கு, எங்கே வாங்கியது. வண்டியோடு நான் வைத்திருக்கும் உருப்படியான கருவி இப்போது அதுதான்.

50 வயது தாண்டிய வண்டிக்கு வின்டேஜ் பதிவு என்று 2021-ல் ஒரு விதி வந்ததே, அதில் போடலாமே என்று பலர் கேட்கிறார்கள். 'வி.ஏ.' என்று தனி நம்பர் பிளேட் கிடைக்கும், உண்மை. ஆனால் வண்டி அசல் நிலையில் இருக்க வேண்டும், அன்றாடம் ஓட்டவும் கூடாது. என் வண்டி முதல் நிபந்தனையிலேயே தோற்றுவிடும். இரண்டாவதற்கு அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார்.

முன் ஆக்சில் விகிதத்தை மாற்றுவதா, பின்னதையா? தார் ரோட்டுக்கு 4.88 சுகம். ஆனால் எங்களுக்கு மலைதான் வேலை, பின்னதை 5.38-க்குக் கொண்டுவருவது என்று முடிவு செய்தேன். முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒரே அளவில்லை, முன்னதன் கிரவுன் சின்னது. ஒன்றை எடுத்து இன்னொன்றில் போட முடியாது. பின்னதற்கே 8-43 செட்டு வேண்டும். தேடிச் சென்னை போனேன், புதுப்பேட்டைக்கு.

எழும்பூரிலிருந்து நடக்கிற தூரம்தான். கூவம் பக்கத்துச் சந்துகளில் வண்டியைப் பிரித்துப் பிரித்து அடுக்கியிருப்பார்கள். ஒரு கடை முழுக்கக் கதவு, அடுத்த கடை முழுக்க ரேடியேட்டர். மூன்றாவது சந்தில் ஒரு கடையில் தரையில் கிரவுன்கள் தோசைக்கல் மாதிரி அடுக்கிக் கிடந்தன. "பாய், எட்டு நாப்பத்தி மூணு இருக்கா?" என்றேன். வண்டி பெயர் சொல்லவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார். "கழட்டுனதா, புதுசா?" புதுசு உள்ளூர்த் தயாரிப்பு, பளபளவென்று இருந்தது, பல்லின் ஓரம் பிளேடு மாதிரி, மழுக்கவே இல்லை. கழற்றியது கறுப்பாக எண்ணெயில் கிடந்தது. உதிரி வாங்குவதில் என் கொள்கை இது: கியர் என்றால் நல்ல நிலையில் கழற்றிய அசல், ரப்பரும் பேரிங்கும் என்றால் எப்போதும் புதுசு. 'பழைய ஸ்டாக், பிரிக்காத டப்பா' என்று ரப்பரைக் கொடுத்தால் வாங்காதீர்கள். டப்பாவுக்குள்ளேயே கிழடு தட்டியிருக்கும்.

உட்கார்ந்து பல் எண்ணினேன், 43. பினியனிலும் கிரவுனிலும் ஊசியால் கீறியதுபோல ஒரே ஜோடி எண் இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. இரண்டும் சேர்ந்து பிறந்த ஜோடி. வேறு வேறு ஜோடியைக் கலந்தால் ஊளையிடும். பல்லின் முகத்தில் குழி விழவில்லை. பாய் எட்டாயிரம் சொன்னார், ஆறரைக்கு முடிந்தது. டீ வாங்கிக் கொடுத்தார். ரயிலில் பதினொரு கிலோவுக்குக் குறையாத அந்தச் சாக்கு மூட்டையைக் காலடியில் வைத்துக்கொண்டு, வெற்றி பெற்றவன்போலத் தூங்கினேன்.

போடி வந்து பிரித்தால், பினியன் வாலில் இருக்கும் ஸ்பிளைன், அதாவது ஃபிளேஞ்சு மாட்டும் வரிப்பற்கள், பொடிப்பல். பினியனை ஷாஃப்டோடு இணைக்கும் என் ஃபிளேஞ்சு பெரும்பல். எண்ணினோம்: என்னுடையது 10, வந்தது 26. பல்லை எண்ணியவன் வாலை எண்ணவில்லை. அண்ணன் ஒன்றும் சொல்லாமல் என் நோட்டை எடுத்து, 'பினியன்' என்று இருந்த வரிக்கு நேரே 'வால் 10' என்று எழுதி வைத்தார். திருப்பிக் கொடுக்க மறுபடி சென்னை போவதா? யோசித்தால் மாற்ற வேண்டியது பினியனை இல்லை, ஃபிளேஞ்சைத்தான். ஃபிளேஞ்சை ஷாஃப்டோடு பூட்டும் யூ ஜாயின்ட் கிராஸின் அளவு ஒத்துவந்தால் போதும். கிராஸின் கப் விட்டத்தையும் மொத்த நீளத்தையும் எழுதிக்கொண்டு, பினியனைத் தோள்பையில் போட்டுக்கொண்டு கோயம்புத்தூர் உக்கடம் பழைய இரும்புக் கடைகளுக்குப் போனேன். இம்முறை வாயே திறக்கவில்லை. கிடந்த ஃபிளேஞ்சுகளில் ஒவ்வொன்றாகப் பினியனைச் செருகிப் பார்த்தேன். ஏழாவதோ எட்டாவதோ, களுக்கென்று உட்கார்ந்தது. முந்நூறு ரூபாய்.

கிரவுன் பினியன் பூட்டுவது பொறுமை வேலை, மூன்று நாள் ஆனது. பினியன் ஆழத்துக்கு ஒரு ஷிம் கட்டு, கிரவுன் இடம் வலம் நகர ஒரு ஷிம் கட்டு. பல்லில் நீலம் தடவிச் சுற்றி, தடம் எங்கே விழுகிறது என்று பார்த்து, கழற்றி, ஷிம் மாற்றி, மறுபடி. தடம் பல்லின் நடுவில் நீளவாக்கில் விழ வேண்டும். பல்லிடை ஆட்டத்தை டயல் கேஜில் 6 தௌவுக்குக் கொண்டுவந்தோம். முதல் நாள் 14 இருந்தது. ஆயில் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: ஆக்சிலுக்கு ஜி.எல். 5 தர ஆயில் போடலாம், ஆனால் அதே டப்பாவை கியர் பாக்ஸில் கவிழ்க்காதீர்கள். அதில் இருக்கும் கந்தகச் சேர்மானம் பித்தளை சிங்க்ரோ வளையங்களைத் தின்னும். கியர் பாக்ஸுக்கு ஜி.எல். 4.

கியர் பாக்ஸிலிருந்து வரும் சுற்றை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸைப் பற்றிக் கொஞ்சம். டானா 18 என்று பெயர். வார்ப்பிரும்புப் பெட்டி, உள்ளே நேர்ப்பல் கியர், மெதுவாக, பலத்தோடு ஏறுவதற்கான லோ ரேஞ்சு விகிதம் 2.46. முன்சக்கரத்தை இணைக்காமல் லோ போட விடாது. நடுவில் ஒரு சின்னப் பூட்டு அதைத் தடுக்கும். உடைவது அபூர்வம், ஒழுகாமல் இருப்பது அதைவிட அபூர்வம். நடு ஷாஃப்ட் தேய்ந்து அதன் வழியாகத்தான் பெரும்பாலும் ஒழுகும். வாங்கும் முன் அளவெடுங்கள்: காலப்போக்கில் 3/4, 1 1/8, 1 1/4 அங்குலம் என்று மூன்று தடிமனில் இந்த ஷாஃப்ட் வந்திருக்கிறது. கிட் வாங்கி வந்து பொருந்தாமல் நிற்பவர்கள் பாதிப் பேர் இதில்தான் நிற்கிறார்கள். பின் சீலும் ஒழுகினால் ஆயில் நேரே ஹேண்ட்பிரேக் டிரம்மில் இறங்கும். எங்கள் சீட்டுக்கு அடியில் எப்போதும் ஒரு கருங்கல் இருப்பதன் காரணம் அதுதான். சீல் மாற்றிவிட்டேன். கல்லை இன்னும் எடுக்கவில்லை.

மறுபடி குரங்கணி, அதே மண் ரோடு. லீவர் தானாக விழுந்ததுபோல விழுந்தது, அப்படியே திரும்ப வந்தது. லோவில் போட்டு ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரே மிதிக்காமல் ஊர்ந்தேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் வந்தார். திரும்பும்போது போனில் ஜி.பி.எஸ். வேகத்தைப் பார்த்தேன். முள் 45, போனும் 45. அப்போதுதான் உறைத்தது. ஸ்பீடாமீட்டர் கேபிள் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து வருகிறது. அது எண்ணுவது ஷாஃப்டின் சுற்றை, சக்கரத்தின் சுற்றை இல்லை. தப்பான கிரவுன் இருந்த இத்தனை வருடமும் முள் 45 காட்டும்போது வண்டி 50-ல் போயிருக்கிறது. கிலோமீட்டரும் பத்தில் ஒரு பங்கு குறைவாகவே எண்ணியிருக்கிறது.

சொன்னேன். அப்பா விரல் விட்டுக் கணக்குப் போட்டார். 1987-ல் ஹவுசிங் மாற்றி வந்த மாதத்திலிருந்து லிட்டருக்குப் பத்து கொடுத்த வண்டி ஒன்பதாகக் குறைந்துவிட்டது என்று கம்பத்து மெக்கானிக்கோடு சண்டை போட்டவர் அவர். அந்தக் கடைப் பக்கமே அப்புறம் போனதில்லை.

"அப்ப கொறையவே இல்லையா?" என்றார்.

"இல்லப்பா."

போடி வரும்வரை அவர் வேறெதுவும் பேசவில்லை. இறங்கும்போது மட்டும், அந்தக் கடை இப்போதும் கம்பத்தில் இருக்கிறதா, விசாரித்துச் சொல் என்றார்.